ஐஸ்கிரீம் டப்பாவில் ஆலங்கட்டி

வானத்திலிருந்து விழுவதற்கெல்லாம் வாடகைக்கு இருப்பவன்தான் பொறுப்பு என்று நான் நம்பினேன்.

சிரிக்காதீர்கள். சரி, சிரியுங்கள். பட்டம் வாங்கியவன், பதினேழு வருடமாக அமீரகத்து அல் ஐனில் வேலை பார்க்கிறவன், கம்பெனி ஸ்டோரில் ஒரு ஸ்க்ரூ குறைந்தாலும் கண்டுபிடித்துவிடுகிறவன், இதை நம்பினேன். நம்பியது மட்டுமில்லை, "ஓகே சார்" என்றும் சொல்லிவிட்டேன். அந்த இரண்டு வார்த்தையால் என் மனைவியும் மகளும் ஊருக்கு விமானம் ஏற வேண்டிய நிலை வந்தது. முருகன் அந்த வார்த்தையை என் வாயாலேயே எப்படித் திரும்ப எடுக்க வைத்தான் என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

நம் சனிக்கிழமை பஜனைக் கூட்டத்துக்கு வருகிறவர்களுக்கு என்னைத் தெரியும். வராதவர்களுக்காகச் சொல்கிறேன். பெயர் குமரேசன். சொந்த ஊர் அருப்புக்கோட்டைப் பக்கம். ஏசி குழாய் செய்யும் கம்பெனியில் ஸ்டோர் கீப்பர். பொங்கல் விழாவில் மைக் பிடித்து எல்லோரையும் கிண்டல் செய்கிற வழுக்கைத் தலைக்காரன் நான்தான். என் வாய்க்குப் பூட்டுப் போட முடியாது என்று என் மாமியாரே சான்றிதழ் கொடுத்திருக்கிறார். ஆனால் ஒரு ரகசியம். எதிரே இருப்பவர் கையில் கொஞ்சம் அதிகாரம் இருந்தால் போதும், அந்த வாய் தானாகப் பூட்டிக்கொள்ளும். மேனேஜர், பள்ளிக்கூட ஆபீஸ், பாங்க் கவுண்டர், எங்கே போனாலும் என்னிடம் ஒரே வசனம்தான். "ஓகே சார்." அங்கே இருப்பது பெண்ணாக இருந்தாலும் பதற்றத்தில் "சார்"தான் வரும்.

எங்கள் வீடு பழைய தனி வீடு. படுக்கை அறைக்கு மட்டும் கான்கிரீட். ஹாலுக்கும் சமையலறைக்கும் மேலே ஷீட் கூரை, அதற்குக் கீழே ஜிப்சம் சீலிங். நாம் சனிக்கிழமை உட்கார்ந்து பாடுவது அந்த ஹாலில்தான். முருகன் இருப்பதும் அங்கே ஷோகேஸின் மேல் தட்டில்தான். ஃப்ளாட் வாடகை கொடுத்து இந்த ஊரில் குடும்பத்தை வைத்திருக்க என் சம்பளம் இடம் தராது. இந்தப் பழைய வீடு கிடைத்ததால்தான் மனைவி கலாவும் மகள் மீனாவும் என்னோடு இருக்கிறார்கள். வீடு போனால் குடும்பம் ஊருக்கு, நான் பலர் படுக்கிற அறையில் ஒரு பெட் ஸ்பேஸுக்கு. இதை இங்கே யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

போன குளிர்காலம் முடியும் நேரம். ஒரு திங்கட்கிழமை பிற்பகல். காலையிலிருந்தே மேகம் கறுத்துக் கிடந்ததால் கம்பெனியில் சீக்கிரம் அனுப்பிவிட்டார்கள். வீட்டுக்கு வந்து டீ கிளாஸைக் கையில் எடுத்தேன். கூரையில் ஒரு சத்தம். யாரோ கல் எறிகிறார்கள் என்று நினைத்தேன். பிறகு லாரியில் ஜல்லி கொட்டுகிற மாதிரி ஆகிவிட்டது. வாசலில் போய்ப் பார்த்தால் முற்றமெல்லாம் வெள்ளை. எலுமிச்சம்பழ அளவில் ஐஸ் கட்டிகள் குதித்துக்கொண்டிருந்தன.

நான் மழையே அரிதான ஊரில் பிறந்து, மழையே இல்லாத ஊரில் வாழ்கிறவன். ஆலங்கட்டியைப் பாடப் புத்தகத்தில் படித்ததோடு சரி. எனக்கு என்ன தோன்றியிருக்க வேண்டும்? காரை உள்ளே எடுக்க வேண்டும், மெயின் சுவிட்சை அணைக்க வேண்டும் என்று தோன்றியிருக்க வேண்டும். எனக்குத் தோன்றியது, "முருகன் பிரசாதம் அனுப்புகிறான்."

குடையைப் பிடித்துக்கொண்டு ஓடினேன். நல்ல உருண்டையாக ஐந்தாறு பொறுக்கினேன். கலா இட்லி மாவு வைக்கிற பழைய ஐஸ்கிரீம் டப்பாவைக் கழுவி அதில் போட்டேன். ஒன்றை மட்டும் வேல் மேல் வைத்து அபிஷேகம் என்று வீடியோ எடுத்தேன். நம் குரூப்பில்கூடப் போட்டேனே, "பாலைவனத்தில் பனி அபிஷேகம், காணக் கண் கோடி வேண்டும்" என்று? அந்த வீடியோவை இன்னொரு முறை போட்டுக் கேளுங்கள். பின்னால் மீனாவின் குரல் கேட்கும்.

"அப்பா, ஸ்டாப் இட்! உள்ள மழை பெய்யுதுப்பா!"

திரும்பிப் பார்த்தேன். ஹாலில் சீலிங் பாதி தொங்கியது. மீதி சோபா மேல் கிடந்தது. ஷீட்டில் ஓட்டை ஓட்டையாக வானம் தெரிந்தது. பத்தாம் வகுப்புப் பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளை, புத்தகங்களை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு படுக்கை அறை வாசலில் நின்றாள். கலா சமையலறையிலிருந்து அரிசி டின்னை இழுத்துக்கொண்டு வந்தாள். நான் கையில் போனும் வேலுமாக நின்றேன்.

"அபிஷேகம் முடிஞ்சுதா?" என்றாள் கலா. "முடிஞ்சுதுன்னா பக்கெட் எடுங்க."

மறுநாள் முனியசாமி வந்தான். நம் கூட்டத்தில் பாட்டுக்குச் சிங்கித் தாளம் போடுகிற பையன், சாரக்கட்டு வேலை, ராமநாதபுரத்துக்காரன். இரண்டு பேரைக் கூட்டி வந்து கூரை மேல் நீலத் தார்ப்பாய் போட்டுக் கட்டிக் கொடுத்தான். அவன் இறங்கும்போதே ஏஜெண்ட் ராஜ்மோகன் வந்தார். கோயம்புத்தூர்க்காரர். வாடகை வாங்குவது, சாவி கொடுப்பது எல்லாம் அவர்தான். வீட்டுச் சொந்தக்காரரை இத்தனை வருடத்தில் நான் பார்த்ததே இல்லை. ஒரு வயதான அரபி அம்மா, பொல்லாத கோபக்காரர் என்று மட்டும் ராஜ்மோகன் சொல்லியிருக்கிறார்.

ராஜ்மோகன் அண்ணாந்து பார்த்தார். உச்சுக் கொட்டினார்.

"ஏனுங்க சார், இதெல்லாம் மேல இருந்து வர்றதுங்க. ஆண்டவன் செயல். ஓனருக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்லீங்க. குடி இருக்கறவங்கதான் பார்த்துக்கோணும். மாத்திருங்க. இல்லாட்டி காலி பண்ணிருங்க, நான் வேற ஆள் பார்த்துக்கறேன். என்னங்க, ஓகேங்களா?"

வாயைத் திறந்தேன். என்ன வந்தது என்பது உங்களுக்குத் தெரியும்.

"அந்த அம்மாகிட்ட ஒரு வார்த்தை..." என்று கலா ஆரம்பித்தாள்.

"ஐயையோ, அங்க மட்டும் போயிராதீங்கக்கா. அவங்க பையன் போலீஸ்ல பெரிய ஆளுங்க. கோவம் வந்துச்சுன்னா கலாஸ், எல்லாம் முடிஞ்சுதுங்க."

கலாஸ் என்ற சொல்லைக் கேட்டதும் என் விசா, வேலை, பாஸ்போர்ட் எல்லாம் கண் முன்னே வரிசையாகக் கும்பிடு போட்டுவிட்டுப் போயின.

கூரை போடுகிற காண்டிராக்டர் ஒருவரைக் கூப்பிட்டேன். பாகிஸ்தானி பாய், நல்ல மனிதர். உடைந்த ஷீட்டை மட்டும் மாற்றினால் போதுமா என்று கேட்டேன். அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். கூரை முழுக்க விரிசல், ஒன்றை எடுத்தால் பக்கத்திலிருப்பது வரும், மொத்தமும் இறக்கிவிட்டுப் புதிதாகப் பேனல் போட வேண்டும், சீலிங், ஒயரிங், குப்பை அள்ளுவது எல்லாம் சேர்த்துப் பதினெட்டாயிரம் திர்ஹாம் என்றார். மூன்று மாதச் சம்பளத்தை அப்படியே கொடுத்துவிட்டு, நாங்கள் மூவரும் காற்றைக் குடித்து வாழ்ந்தால் கட்டலாம். "பாய், கொஞ்சம் குறைங்க" என்றேன். "உனக்காகப் பாதிக் கூரை போடவா?" என்றார்.

அன்பர்களே, அதற்குப் பிறகு நான் அடித்த கூத்தைச் சொன்னால்தான் முருகனின் பொறுமை உங்களுக்குப் புரியும்.

முதலில் ஹெல்மெட். ஸ்டோரிலிருந்து மஞ்சள் ஹெல்மெட் ஒன்றை எடுத்து வந்து, ஹாலில் இருக்கும்போதெல்லாம் மாட்டிக்கொண்டேன். டிவி பார்க்கும்போது ஹெல்மெட். சாப்பிடும்போது ஹெல்மெட். ஒரு நாள் கலா தட்டைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாள்.

"இட்லி அவ்வளவு கல்லாவா இருக்கு?"

அடுத்தது வேண்டுதல்கள். பரிசுச் சீட்டு ஒன்று வாங்கி முருகன் காலடியில் வைத்தேன். நம்பரையும் இரண்டு முறை சத்தமாகப் படித்துக் காட்டினேன், அவனுக்குக் கண் தெரியாதது போல. விழவில்லை. ஆட்டுக்கறியை விட்டுவிடுகிறேன் என்றேன். அதில் கலாவுக்குத்தான் வேலை மிச்சம். கடைசியாக, பழனிக்கு வந்து மொட்டை போடுகிறேன் என்று கைகூப்பிச் சொன்னேன். பின்னால் நின்ற கலா என் தலையைப் பார்த்தாள்.

"இருக்கறதை வேண்டிக்கங்க."

மீனா சிரித்தாள். அந்த வாரம் அந்த வீட்டில் கேட்ட ஒரே சிரிப்பு அதுதான். நானும் சிரித்தேன். சிரித்துவிட்டுக் குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்து விட்டு அழுதேன். ஜோக்கர்கள் எங்கே அழுவார்கள் என்று யாராவது கேட்டால் சொல்லுங்கள்.

அந்தச் சனிக்கிழமைக் கூட்டத்தைத் தார்ப்பாய்க்குக் கீழேதான் நடத்தினோம். காற்றில் அது படபடவென்று அடிக்கிற சத்தத்தில் பாட்டே கேட்கவில்லை. பிரசாதம் சாப்பிடும்போது ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். அஷ்டமத்தில் சனி என்றார் ஒருவர். வாஸ்து சரியில்லை, சமையலறை தப்பான மூலையில் இருக்கிறது என்றார் இன்னொருவர். போன ஜென்மத்துக் கணக்கு, அனுபவித்துத் தீர்க்க வேண்டும் என்றார் மூன்றாமவர். அவர் இருப்பது இரண்டாவது மாடியில், மேலே இன்னும் இரண்டு மாடி கான்கிரீட். அவருக்குச் சனி தோஷம் வருவதென்றால் லிஃப்டில்தான் வர வேண்டும்.

முனியசாமி மட்டும் யோசனை சொல்லவில்லை. கிளம்பும்போது என்னைத் தனியாகக் கூப்பிட்டான்.

"அண்ணே, எங்க ரூம்ல மேல் பெட்டு ஒண்ணு காலியாகுது. சொல்லி வைக்கட்டுமா? மேல் பெட்டுன்னா மூட்டைப்பூச்சி கம்மிண்ணே."

அன்பாகத்தான் கேட்டான். அந்த அன்புதான் என்னைக் குத்தியது. அவன் பார்வையில் விஷயம் முடிந்துவிட்டது. கலாவும் மீனாவும் போயாயிற்று. நான் மேல் பெட்டில் படுத்தாயிற்று. எல்லோர் பார்வையிலும் முடிந்துவிட்டது. ஏன், நானே மீனாவின் பள்ளி மாற்றத்துக்கு என்னென்ன வேண்டும் என்று அன்று காலை போனில் விசாரித்திருந்தேன்.

எல்லோரும் போன பிறகு முருகன் முன்னால் போய் நின்றேன். உட்காரவில்லை. கைகூப்பவில்லை. ஹெல்மெட்டையும் கழற்றவில்லை. நம் கூட்டத்தில் பெரியவர்கள் இருக்கிறீர்கள், மன்னிக்க வேண்டும், நான் பேசியதை அப்படியே எழுதுகிறேன்.

"ஏப்பா, நீ மலை மேல ஒத்தைக் கோவணத்தோட நிக்கறவன். உனக்குக் கூரையோட அருமை என்ன தெரியும்? ரெண்டு பொண்டாட்டி, ரெண்டு பேரையும் பக்கத்துலயே வச்சிருக்க. எனக்கு இருக்கறது ஒண்ணு. அதை ஊருக்கு அனுப்பச் சொல்றியா? பத்து வருஷம் நான் இங்க தனியா இருந்தேன். என் பொண்ணு நடக்கப் பழகுனதை நான் போன்லதான் கேட்டேன். திரும்ப அதைச் செய்ய மாட்டேன். கேட்டுக்க. அவங்களை அனுப்ப மாட்டேன். மேல் பெட்டுக்கும் போக மாட்டேன். காலி பண்ணவும் மாட்டேன். ஓட்டைக்குக் கீழ உக்காந்து உன் பேரைச் சொல்லிக்கிட்டே இருப்பேன். நனைஞ்சா நீயும் சேர்ந்து நனை. என்ன பண்ணுவியோ பண்ணு!"

மூச்சு வாங்கியது. முருகன் வழக்கம்போலப் புன்னகைத்தான். பதில் பின்னாலிருந்து வந்தது. கலா பாத்திரம் துடைத்துக்கொண்டு நின்றாள்.

"நல்லாப் பேசறீங்க. சாமியே நடுங்குற மாதிரி பேசறீங்க. இதுல கால்வாசி அந்த ராஜ்மோகன்கிட்டப் பேசியிருந்தா?"

அவள் பாத்திரத்தைக் கீழே வைத்தாள்.

"முருகனைத் திட்டலாம், திருப்பி அடிக்க மாட்டார்னு உங்களுக்குத் தெரியும். அதான் தைரியம். இத்தனை நாளாப் பணம் கேட்டீங்க, லாட்டரி கேட்டீங்க. அவர்கிட்ட இல்லாததையா கேட்கணும்? உங்ககிட்ட இல்லாததைக் கேளுங்க."

அவள் உள்ளே போய்விட்டாள். தார்ப்பாய் அடித்துக்கொண்டது. நான் ஹெல்மெட்டைக் கழற்றினேன். இந்த முறை கைகூப்பினேன். எனக்கு நினைவு தெரிந்து நான் செய்த மிகச் சின்னப் பிரார்த்தனை அதுதான்.

"முருகா, வாயைக் கொடு."

அவ்வளவுதான் கேட்டேன். கூரை கேட்கவில்லை.

மறுநாள் ஞாயிறு, விடுமுறை. காலையில் பால் வாங்கப் போனேன். எங்கள் தெரு மளிகைக் கடையில் இருப்பவர் மலையாளி, எல்லோரும் குட்டிக்கா என்று கூப்பிடுவோம். எங்கள் வீட்டுச் சொந்தக்கார அம்மா எங்கே இருக்கிறார் தெரியுமா என்று கேட்டேன். பெரிய தேடல் ஆகும் என்று நினைத்திருந்தேன்.

"ஆ உம்மாவா? அறியாம இருக்குமா! அந்த ரவுண்டபவுட் கழிஞ்சு பச்சை கேட். எல்லா வாரமும் தண்ணி கேன் நம்ம கடையிலிருந்தாணு போகுது. நீங்க டெய்லி அந்த வழியாத்தானே டூட்டிக்குப் போறது?"

ஆமாம். தினமும் அந்தப் பச்சை கேட்டைத் தாண்டித்தான் நான் டூட்டிக்குப் போகிறேன். அங்கே ஒரு மாமரம் உண்டு. பருவத்தில் அதைப் பார்த்து எச்சில் விழுங்கியதும் உண்டு.

கலா வெறுங்கையோடு போகக் கூடாது என்று பஞ்சாமிர்தம் செய்தாள். இந்த ஊர்ப் பேரீச்சம்பழம் நிறையப் போட்டாள். எனக்கு இன்னொரு யோசனை. ஃப்ரீஸரில் அந்த ஐஸ்கிரீம் டப்பா அப்படியே இருந்தது. பிரசாதம் என்று நான் யாரையும் தொட விடவில்லை. அதை எடுத்துப் போய் அந்த அம்மா முன்னால் திறந்து வைத்துவிட்டால் போதும், எலுமிச்சம்பழம் அளவுக் கல்லைப் பார்த்ததும் அவருக்கே எல்லாம் புரிந்துவிடும், நான் பேச வேண்டியதே இல்லை. போட்டோ எல்லோரிடமும் இருக்கிறது, கல் யாரிடம் இருக்கிறது? முருகன் அன்றைக்கே இதற்காகத்தான் கொடுத்திருக்கிறான் என்று எனக்குப் புல்லரித்தது. பாருங்கள், வாயைக் கொடு என்று வேண்டியவன் மறுநாள் காலையிலேயே வாய்க்குப் பதிலாக ஒரு டப்பாவைத் தூக்கிக்கொண்டு கிளம்புகிறேன்.

ரவுண்டபவுட்டை அடைந்தேன். சுற்றினேன். பச்சை கேட் வந்தது. கால் பிரேக்குக்குப் போகவில்லை. மறுபடி சுற்றினேன். எத்தனை முறை சுற்றினேன் என்று தெரியாது. பழனி மலையைக்கூட நான் அத்தனை முறை சுற்றியதில்லை. ஒரு பூங்கா வேலைக்காரர் குழாயைப் பிடித்தபடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் வெட்கத்தில்தான் நிறுத்தினேன், பக்தியில் இல்லை.

பணிப்பெண் கதவைத் திறந்து வரவேற்பு அறையில் உட்கார வைத்தார். அரபிக் காப்பி வந்தது. குடித்தேன். மறுபடி ஊற்றினார். போதும் என்றால் கோப்பையை லேசாக ஆட்ட வேண்டும் என்பது இந்த ஊரில் பிறந்த பூனைக்குக்கூடத் தெரியும். எனக்கும் தெரியும். பதற்றத்தில் கை மறந்துவிட்டது. அவர் ஊற்ற ஊற்ற நான் குடித்தேன். நெஞ்சு படபடப்பது பயத்தாலா காப்பியாலா என்று பிரித்துச் சொல்ல முடியாத நிலையில் அந்த அம்மா வந்தார்.

குட்டையான உருவம். அந்தக் காலத்து அரபிப் பெண்கள் போடுகிற முகமூடி. கண் மட்டும்தான் தெரிந்தது. அந்தக் கண் ஒன்றே போதும், ராஜ்மோகன் பயமுறுத்தியதில் தப்பில்லை. உம்மு காலித் என்று பெயர் சொன்னார். அவருக்குப் பழைய காலத்து ஹிந்தி வந்தது, எனக்கு அரைகுறை ஹிந்தி. பேசியதைத் தமிழில் எழுதுகிறேன்.

"யார் நீ?"

"உங்கள் வீட்டில் குடியிருக்கிறேன். ரவுண்டபவுட்டுக்கு அந்தப் பக்கம்."

"ராஜு பார்த்துக்கொள்கிற வீடா? என்ன விஷயம்?"

பேச வேண்டிய இடம் வந்துவிட்டது. நான் பேசவில்லை. என் ஆயுதத்தை எடுத்தேன். ஐஸ்கிரீம் டப்பாவை மேஜை மேல் வைத்து, கோயில் திரையை விலக்குகிற மாதிரி மூடியைத் திறந்தேன்.

உள்ளே தண்ணீர்.

ரவுண்டபவுட்டைச் சுற்றிய நேரம், காப்பி குடித்த நேரம், எல்லாம் சேர்ந்து ஒரு கல்லைக்கூட மிச்சம் வைக்கவில்லை. லேசாக இட்லி மாவு வாடை வேறு அடித்தது. அந்த அம்மா எட்டிப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"தண்ணீரா? என் வீட்டுக்குத் தண்ணீர் கொண்டு வந்திருக்கிறாயா?"

அந்த நொடியில் எனக்குப் புரிந்தது. கொடுத்தவனே கரைத்துவிட்டான். நான் வாயைக் கேட்டேன். வாய்க்குப் பதில் டப்பா தூக்கி வந்தால் விடுவானா? ஒளிந்துகொள்ள இனி ஒன்றும் இல்லை. கண் மட்டும் தெரிகிற அந்த அம்மாவும் நானும்தான்.

"இது தண்ணீர் இல்லை அம்மா," என்றேன். "இது உங்கள் கூரையை உடைத்தது."

சொல்லிவிட்டேன். நாக்கு விழவில்லை. கூரை, சீலிங், தார்ப்பாய், பத்தாம் வகுப்பு, எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கையை உயர்த்தி நிறுத்தினார்.

"ராஜு சொன்னானே. சின்ன விரிசல், குடியிருப்பவரே சரி செய்துகொள்கிறார், ஒத்துக்கொண்டார் என்று. நீ ஒத்துக்கொள்ளவில்லையா?"

பொய் என்று சொல்ல ஆசையாக இருந்தது. ஆனால் அந்த ஒரு விஷயத்தில் ராஜ்மோகன் பொய் சொல்லவில்லை. நான்தான் "ஓகே" சொன்னேன்.

"ஒத்துக்கொண்டேன். பயத்தில் ஒத்துக்கொண்டேன். அது தப்பு. இப்போது பயம் இல்லாமல் சொல்கிறேன். இல்லை, பயத்தோடுதான் சொல்கிறேன், காலைப் பாருங்கள், ஆடுகிறது. ஆனாலும் சொல்கிறேன். கூரை உங்களுடையது. நான் அதன் மேல் ஏறியதுகூட இல்லை. அதற்கு நான் பணம் தர மாட்டேன். வீட்டையும் காலி செய்ய மாட்டேன். என் மனைவியையும் மகளையும் ஊருக்கு அனுப்ப மாட்டேன். வாடகையில் ஒரு மாதம்கூட நான் தவறியதில்லை. நீங்கள்தான் மாற்றித் தர வேண்டும்."

பணிப்பெண் காப்பிக் கூஜாவோடு அப்படியே நின்றுவிட்டார். அவ்வளவு பேசியது என் வாய்தானா என்று எனக்கே சந்தேகம்.

"இத்தனை நாள் என்ன செய்தாய்?" என்றார் அந்த அம்மா.

"சாமி கும்பிட்டேன்."

"தினமுமா?"

"தினமும். திட்டக்கூடச் செய்தேன்."

முகமூடிக்கு மேலே அந்தக் கண்கள் சுருங்கின. கோபம் என்று நினைத்தேன். அது சிரிப்பு.

"கடவுளிடம் தினமும் கேட்டாய். அவன் மேலே இருக்கிறான். நான் ரவுண்டபவுட்டுக்கு இந்தப் பக்கம் இருக்கிறேன். பக்கத்தில் இருப்பவளிடம் கேட்க உனக்கு வழி தெரியவில்லையா?"

போனை எடுத்தார். ராஜ்மோகனைக் கூப்பிட்டார். ஸ்பீக்கரில் கேட்டது. அரபியில் அவர் ஏறிய வேகத்துக்கு அந்த ஆலங்கட்டி மழை ஒரு தூறல். மறுமுனையில் ஒரே ஒரு குரல் திரும்பத் திரும்ப வந்தது. "ஓகே மாமா. ஓகே மாமா." இங்கே மாமா என்றால் அம்மா.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தக் குரல் எனக்குத் தெரியும். அது என் குரல். போன முறை ஏசி ரிப்பேர் என்று சொன்னதற்கே அந்த அம்மா அரை மணி நேரம் திட்டினாராம். அதனால் இந்த முறை உடைந்த கூரையைச் "சின்ன விரிசல்" ஆக்கிவிட்டாராம். பிறகு ராஜ்மோகனே என்னிடம் சொன்னார். நாங்கள் இரண்டு பேரும் ஒரே அம்மாவுக்குப் பயந்து, நடுவில் ஒரு கூரையை ஓட்டையாகவே விட்டிருந்தோம். அவரையும் சனிக்கிழமைக்கு வரச் சொல்லியிருக்கிறேன். அவருக்கும் அந்த வேண்டுதல் தேவைப்படுகிறது.

கிளம்பும்போது அந்த அம்மா பஞ்சாமிர்தத்தை விரலால் தொட்டு, முகமூடிக்குக் கீழே கொண்டு போய்ச் சுவைத்தார். "பேரீச்சம்பழத்தை வீணாக்கிவிட்டீர்கள்," என்றார். ஆனால் பாத்திரத்தைத் திருப்பித் தரவில்லை.

வீட்டுக்கு வந்தேன். கலா வாசலிலேயே நின்றாள். "என்ன சொன்னாங்க?" என்று கேட்கவில்லை. "என்ன சொன்னீங்க?" என்று கேட்டாள். சொன்னேன். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ஹெல்மெட்டைக் கம்பெனியில குடுத்துருங்க" என்றாள்.

அதற்குப் பிறகு நான் மாறிவிட்டேன் என்று சொன்னால் முனியசாமி சிரிப்பான். இன்னும் கால் ஆடத்தான் செய்கிறது. ஆனால் ஸ்டோரில் இப்போது என்னிடம் "ஓகே சார்" என்பதற்கு முன்னால் "எதுக்கு சார்?" என்று ஒன்று வருகிறது. மேனேஜருக்கு அது அவ்வளவாகப் பிடிக்கவில்லை. மொட்டைக்கு வேண்டிக்கொண்டது வேண்டிக்கொண்டதுதான். லீவில் பழனி போய் இருந்ததைக் கொடுத்துவிட்டு வந்தேன். நாவிதர் கத்தியை வைத்துவிட்டு, "எங்கிட்டு ஆரம்பிக்கிறது?" என்று கேட்டார்.

இன்னொன்றையும் மறைக்கக் கூடாது. இந்த வருடம் அந்த அம்மா வாடகையை ஏற்றினார். போய்க் கேட்டேன். குறைக்கவில்லை. காப்பி கொடுத்தார். இந்த முறை கோப்பையை ஆட்டினேன்.

ஆகவே ஓட்டைக் கூரைக்குக் கீழே உட்கார்ந்திருக்கிற என் சகோதர சகோதரிகளே, உங்கள் கூரை எதுவாக இருந்தாலும் சரி. சனி என்பார்கள், போன ஜென்மம் என்பார்கள், மேல் பெட் காலி என்பார்கள். ஒத்துக்கொள்ளாதீர்கள். முருகனிடம் போய்ச் சண்டை போடுங்கள், அவன் தாங்குவான். சண்டை முடிந்ததும் உங்களிடம் இல்லாததைக் கேளுங்கள், தருவான். தந்ததை எடுத்துக்கொண்டு போய் எந்தக் கதவைத் தட்ட வேண்டுமோ அதைத் தட்டுங்கள். ஐஸ்கிரீம் டப்பா வேண்டாம்.

குரூப்பில் சிலர் இதைப் பனி அபிஷேக அற்புதம் என்று அனுப்பிக்கொண்டிருக்கிறார்கள். முருகன் அந்த அம்மாவின் கனவில் வந்தான் என்றுகூட ஒரு செய்தி எனக்கே வந்தது. அப்படியெல்லாம் இல்லை. நான் போய்க் கேட்டேன். அந்த அம்மா கூரையை மாற்றிக் கொடுத்தார்.